கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு கணினி

'நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று கடை மேசையிலிருந்து ஒலிக்கும் குரல் இன்று நம் கடைவீதிகளின் இயல்பான ஓசைகளுள் ஒன்றாகிவிட்டது. தேநீர்க் கடை, பூக்கடை, மருந்துக் கடை என எங்கும் அதைக் கேட்கிறோம். 2016-இல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில் ஒரே மாதத்தில் நிகழ்ந்த பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது. கூட்டம் மிகுந்த மாலை வேளையில் ஒவ்வொருவரின் கைபேசித் திரையையும் எட்டிப் பார்த்துப் பணம் வந்ததா என்று உறுதிசெய்து கொண்டிருக்கக் கடைக்காரரால் இயலாது. அந்த வேலையை அவருக்காகச் செய்வது 'சவுண்ட் பாக்ஸ்' என்று வழங்கப்படும் அச்சிறு பெட்டி.

பலரும் அதனை ஓர் ஒலிபெருக்கி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு கணினி. அதனுள்ளே ஒரு செயலி, சிறிதளவு நினைவகம், மின்கலம், தனக்கே உரிய சிம் அட்டை ஆகியன உள்ளன. பணம் வரவானதும் சேவை நிறுவனத்தின் சர்வர், செல்பேசி வலையமைப்பின் வழியாக நேரே பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. பெட்டி தன் நினைவகத்திலுள்ள குரல் துணுக்குகளைக் கோத்துத் தொகையை வாசிக்கிறது. தனக்கென சிம் உள்ள இத்தகைய பெட்டிக்கும் கடைக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்கும் இடையே எவ்வித இணைப்பும் இல்லை. கைபேசி அணைந்து கிடந்தாலும் பெட்டி பேசும். இந்தச் சிறு உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் அது நமக்குத் தேவைப்படும்.

கணினி என்றால் அதை இயக்க மென்பொருள் வேண்டும். மனிதர் எழுதிய மென்பொருள் எதுவும் பிழையற்றது அன்று. ஒரு குறிப்பிட்ட வகைச் செல்பேசிக் கோபுரத்தின் அருகில் மட்டும் இணைப்பு அறுந்துபோகலாம். ஏதேனும் ஒரு மொழியில் தொகை பிழையாக ஒலிக்கலாம். எல்லாவற்றினும் கொடியதாக, அயலார் உள்ளே நுழைவதற்கேற்ற ஓட்டை ஒன்று தாமதமாகத் தெரியவரலாம். நாடெங்கும் இலட்சக்கணக்கான கடைகளில் பரவிக் கிடக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரட்டிப் பணிமனைக்குக் கொண்டுவந்து திருத்துவது நடவாத காரியம். ஆகவே திருத்திய மென்பொருளைச் செல்பேசி அலைகளின் வழியே அனுப்பி, பெட்டி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளச் செய்கின்றனர். ஆங்கிலத்தில் 'ஓவர் தி ஏர்', சுருக்கமாக ஓ.டி.ஏ. என்று வழங்கும் இதனைத் தமிழில் வான்வழிப் புதுப்பித்தல் எனலாம். அட்டை தேய்க்கும் பி.ஓ.எஸ். கருவி, மின்வாரியத்தின் ஸ்மார்ட் மீட்டர், மின்சார ஸ்கூட்டர், வீட்டு வாசலிலுள்ள கண்காணிப்புக் கேமரா, வைஃபை ரௌட்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்று இம்முறையில்தான் திருத்தம் பெறுகின்றன.

இவ்வசதி இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி கார் ஒன்றைப் பல கல் தொலைவிலிருந்து இணையத்தின் வழியே தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினர். காரிலிருந்த பாட்டு, வழிகாட்டி முதலியவற்றுக்கான கணினியே அவர்கள் நுழைந்த வாயில். நிறுவனம் 14 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்திற்கு அழைக்க நேர்ந்தது. திருத்தப்பட்ட மென்பொருளை யு.எஸ்.பி. துண்டுகளில் பதிந்து, உரிமையாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பினர். கணினியையே ஊடுருவ முடிந்த காருக்கு, மருந்து தபால்காரரின் பையில் வந்து சேர்ந்தது!

அயலார் வாராமல் கதவைத் திறப்பது எப்படி?

பெட்டியின் மென்பொருளைத் தொலைவிலிருந்து மாற்ற முடியும் என்றால், அதை நிறுவனம் மட்டும்தான் மாற்றும் என்பதற்கு என்ன உறுதி? இதே வழியில் ஒரு திருடன் தன் மென்பொருளை அனுப்பிவிடலாகாதா? வராத பணத்தை வந்ததாக அறிவிக்கும்படி பெட்டியை மாற்றிவிட்டால், கடைக்காரர் பொருளைக் கொடுத்து அனுப்பிவிடுவாரே!

இவ்வினாவுக்கான விடை வங்கி வாடிக்கையாளருக்குப் புதியதன்று. கணக்குத் தொடங்கும்போது வங்கி நம்மிடம் மாதிரிக் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்கிறது. பின்னர்க் காசோலை வந்தால், அதிலுள்ள கையொப்பத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் தருகிறது. கருவியும் அவ்வாறே செய்கிறது. தொழிற்சாலையில் உருவாகும்போதே அதன் நினைவகத்தில் நிறுவனத்தின் 'மாதிரிக் கையொப்பம்' பதிக்கப்படுகிறது. இதனைப் பொதுச் சாவி என்பர். இதற்கு இணையான தனிச் சாவி நிறுவனத்திடம், பூட்டிய பாதுகாப்புக் கருவி ஒன்றினுள் இருக்கும். புதிய மென்பொருளை அனுப்பும்போது தனிச் சாவியால் அதற்கு மின்னணுக் கையொப்பம் இடுகின்றனர். பெட்டி தன்னிடமுள்ள பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறது. பொருந்தாவிடில் வந்த மென்பொருளை ஏற்காமல் தள்ளிவிடுகிறது.

ஆனால் காகிதக் கையொப்பத்திற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் எந்தக் காசோலையில் இட்டாலும் நம் கையொப்பம் ஒன்றுதான்; அதனாலேயே தொகையைத் திருத்தும் மோசடி சாத்தியமாகிறது. மின்னணுக் கையொப்பம் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும். எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதனை 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கும் கணக்கு முறை ஒன்று உண்டு. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். கையொப்பம் இடப்படுவது அந்தச் சுருக்க எண்ணின் மீதே. எனவே வழியில் எவரேனும் மென்பொருளில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையொப்பம் பொருந்தாது. தனிச் சாவி இல்லாமல் புதிய கையொப்பத்தை உருவாக்கவும் இயலாது.

இதிலும் ஒரு நுணுக்கமான இடுக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவனமே கையொப்பமிட்டு வெளியிட்ட பழைய மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்ததாக வைத்துக்கொள்வோம். திருடன் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. அந்தப் பழைய மென்பொருளையே பெட்டிக்கு அனுப்பினால் போதும். கையொப்பம் உண்மையானது, ஆதலால் பொருந்தும்! காசோலையில் இதற்கும் ஒப்புமை உண்டு. கையொப்பம் சரியாக இருந்தாலும், தேதியிட்டு மூன்று மாதம் கடந்த காசோலைக்கு வங்கி பணம் தருவதில்லை அல்லவா? நன்கு வடிவமைக்கப்பட்ட கருவியும் தான் கடைசியாக ஏற்ற பதிப்பின் எண்ணைத் திரும்ப அழிக்க முடியாத இடத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதனினும் பழையதை மறுத்துவிடும்.

பாதியில் மின்சாரம் போனால்

கையொப்பம் பொருந்திவிட்டது, மென்பொருள் உண்மையானதே. இனிப் பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும். இத்தகைய கருவிகளில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத்தின் மேல் எழுத்தை எழுத இயலாது. ஒரு பகுதியை முழுமையாகத் துடைத்த பின்னரே அங்குப் புதிதாக எழுத முடியும். துடைத்து முடித்து, எழுதத் தொடங்கும் வேளையில் கடைக்காரர் விளக்கை அணைத்துப் பூட்டிச் சென்றாலோ, மின்கலம் தீர்ந்துவிட்டாலோ பெட்டியினுள் பழையதும் இராது, புதியதும் இராது. அவ்வாறு செயலிழந்த கருவியைத் தொழில்துறையினர் 'செங்கல்' என்பர். எடைக்கல்லாக வேண்டுமானால் பயன்படும்.

இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது. நினைவகத்தை இரண்டு சம அறைகளாகப் பிரித்துவிடுகின்றனர். சுவையான செய்தி என்னவெனில், பொறியாளர்கள் இவ்வறைகளைக் குறிக்க வழங்கும் சொல்லும் 'பேங்க்' என்பதே. முதல் அறையிலுள்ள மென்பொருள் வழக்கம்போல் தொகையை அறிவித்துக் கொண்டிருக்க, புதியது சிறிது சிறிதாக இரண்டாம் அறையில் எழுதப்படும். இடையில் மின்சாரம் எத்தனை முறை போனாலும் கவலையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழுதும் எழுதிக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின், 'அடுத்த முறை இரண்டாம் அறையிலிருந்து எழுக' என்று ஒரு சிறு குறி மட்டும் மாற்றப்படும். அந்தக் குறியைப் பார்த்து எந்த அறையைத் திறப்பது என்று முடிவு செய்வது பூட்லோடர் என்னும் சிறு நிரல். பெட்டிக்கு உயிர் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுவே.

அதன் பின்னரும் பழைய மென்பொருளை உடனே அழிப்பதில்லை. புதியது சில நிமிடங்கள் தகுதிகாண் பருவத்தில் இருக்கும். அது சர்வரைத் தொடர்புகொண்டு, 'நலமாக இருக்கிறேன்' என்று தெரிவித்தால்தான் பணி நிரந்தரம். அவ்வாறு தெரிவிக்காமல் உறைந்து நின்றால், 'வாட்ச்டாக்' என்னும் தனிக் கடிகாரம் பெட்டியை மறுபடி தொடங்கச் செய்யும். பூட்லோடர் பழைய அறைக்கே திரும்பிவிடும். மறுநாள் காலை கடை திறப்பவருக்கு இரவு நிகழ்ந்த போராட்டம் எதுவும் தெரியாது. பெட்டி பேசும்.

இரண்டு அறைகள் வேண்டுமாயின் நினைவகமும் இரு மடங்கு வேண்டும், விலை கூடும். விலை மலிவான கருவிகள் பலவற்றில் முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டாம் அறைதான். வாங்குபவருக்கு வெளியே தெரியாத சிக்கனம் இது.

மனிதர் நெருங்க முடியாத தொலைவிலுள்ள கருவியையும் இப்படித் திருத்த முடியும் என்பதை 2024-இல் உலகம் கண்டது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தில் நினைவகச் சில்லு ஒன்று பழுதானதால், 2023 நவம்பர் முதல் அது அனுப்பிய செய்திகள் பொருளற்றவையாக இருந்தன. பழுதான பகுதியில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி, நினைவகத்தின் வேறு இடங்களில் பொருத்தும் திருத்தத்தை நாசா பொறியாளர்கள் 2024 ஏப்ரலில் அனுப்பினர். கலம் இருந்ததோ 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். விடை வர மற்றோர் இருபத்திரண்டரை மணி நேரம். விடை வந்தது. கடைவீதிப் பெட்டிக்கும் அக்கலத்திற்கும் அடிப்படைக் கவலை ஒன்றே: தவறு நேர்ந்தால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்க அருகில் பொறியாளர் எவரும் இல்லை.

தவறு நிறுவனத்திடமே இருந்தால்

கையொப்பம் என்பது 'இது இன்னாரிடமிருந்து வந்தது' என்பதை மட்டுமே உறுதிசெய்யும். வந்தது நல்லதுதானா என்பதற்கு அது சான்றாகாது. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு மாடல் பூட்டுகளுக்கான மென்பொருளைத் தவறுதலாக வேறொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 வீடுகளின் பூட்டுகளில் எண்களை அழுத்தித் திறக்கும் வசதி செயலிழந்தது. அப்பூட்டுகள் சர்வருடன் பேசும் திறனையும் இழந்துவிட்டதால் திருத்தத்தை அலைவழி அனுப்பவும் வழியில்லை. பூட்டின் ஒரு பகுதியைக் கழற்றி அஞ்சலில் அனுப்புமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 'இது என் மாடலுக்கு உரியதா?' என்று பூட்டே ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்ததை நம் வாசகர் பலரும் நேரில் அனுபவித்திருப்பர். கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றினால், உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. அனுப்பியவர் உண்மையானவர், அனுப்பிய வழியும் சரி. ஆனால் ஒரே வேளையில் அனைவருக்கும் அனுப்பியதுதான் பிழையைப் பேரிடராக்கியது. முதலில் நூற்றில் ஒரு பங்கு கருவிகளுக்கு அனுப்பி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, பின்னர்ப் பத்துப் பங்கு, அதன் பின் எஞ்சியவை என்று படிப்படியாகச் செல்வதே இத்துறையின் நல்வழக்கம். பக்கத்துக் கடைப் பெட்டிக்கு வந்த புதிய வசதி உங்கள் பெட்டிக்கு ஒரு வாரம் கழித்து வந்தால் அதற்குக் காரணம் புறக்கணிப்பு அன்று, இந்த எச்சரிக்கையே.

இவற்றினும் அஞ்சத்தக்கது 2020-இல் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்ச்சி. ஊடுருவியவர்கள் அந்நிறுவனத்தின் மென்பொருள் தயாராகும் இடத்திலேயே தம் நச்சு நிரலை நுழைத்துவிட்டனர். அதன் பிறகே நிறுவனம் முறைப்படி கையொப்பமிட்டு அனுப்பியது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்த அந்தப் புதுப்பிப்பில் கையொப்பம் முற்றிலும் சரியாகவே இருந்தது. இடையில் செருகப்பட்ட பக்கத்தைக் காணாமல் கோப்பில் கையெழுத்திடும் மேலாளரை ஒத்த நிலை. பயனாளர் பக்கத்தில் இதற்கு முழுமையான மருந்து இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்காகப் புதுப்பிப்பையே வேண்டாம் என்று ஒதுக்கினால் கேடு பெரிது. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் கிடந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஒரே இலக்கின் மீது ஏவியதில், அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கேமரா உரிமையாளர்களுக்குத் தம் வீட்டுக் கருவி இத்தாக்குதலில் பங்குகொண்டதே தெரியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இத்தகைய கருவியை விற்பவர் எத்தனை காலத்திற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதை முன்னரே தெரிவிக்க வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்பதும் கூடாது. நம் ஊர்க் கடையில் கேமராவோ ரௌட்டரோ வாங்குவோரும் இக்கேள்வியைக் கேட்கலாம். விடை கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாயினும், வங்கிச் செயலி உள்ள கைபேசி இணையும் அதே வைஃபையில் அதைச் சேர்க்காதிருப்பது நலம்.

'அப்டேட்' செய்ய வந்தவர்

தொடக்கத்தில் சொல்லி வைத்த செய்திக்கு இப்போது திரும்புவோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் பையுடன் ஒருவர் கடைக்கு வருகிறார். 'அண்ணா, உங்கள் பெட்டிக்கு அப்டேட் வந்திருக்கிறது; இன்றைக்குள் செய்யாவிட்டால் நாளை முதல் வேலை செய்யாது' என்கிறார். அல்லது, மாத வாடகையைக் குறைக்கும் புதிய திட்டம் என்கிறார். பிறகு கடைக்காரரின் கைபேசியைக் கேட்கிறார். சோதனைக்காக ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, யு.பி.ஐ. பின் அழுத்தப்படுவதைப் பக்கத்தில் நின்று கவனித்துக்கொள்கிறார். கூட்டம் சேரும் வேளை பார்த்து, கைபேசியைச் சில நிமிடங்கள் தம் கையில் வைத்திருக்கிறார். அவர் போன பின்பே கணக்கிலிருந்து பணம் போனது தெரிகிறது. இவ்வகை மோசடி குறித்துப் பல நகரங்களில் காவல்துறையிடம் புகார்கள் வந்துள்ளன.

பெட்டிக்கும் கைபேசிக்கும் இணைப்பு இல்லை என்பதை அறிந்தவர் இவ்வலையில் விழார். பெட்டியை முதன்முதலில் கணக்குடன் சேர்க்கவும், அறிவிப்பு மொழியை மாற்றவும் வணிகர் செயலி தேவைப்படலாம். பெட்டியின் மென்பொருள் புதுப்பிப்போ அதன் சிம் வழியே தானே வந்து, தானே கையொப்பம் பார்த்து, தானே நிறைவடைகிறது. அதற்குக் கடைக்காரரின் கைபேசி வேண்டாம், பின் எண் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம். நாம் செய்ய வேண்டியது பெட்டியை மின்னேற்றத்தில் வைத்திருப்பது மட்டுமே. பி.ஓ.எஸ். கருவிக்கும் இது பொருந்தும். சேவைப் பணியாளர் நேரில் வரும் தேவை அதற்குச் சில வேளைகளில் எழும்; ஆயினும் கருவியை அங்கேயே பிரித்துப் பார்ப்பவர் உண்மையான பணியாளராக இருக்க முடியாது. பிரித்தால் தன்னுள் உள்ள இரகசியச் சாவிகளை அழித்துக்கொண்டு செயலிழந்துவிடும்படி அது அமைக்கப்பட்டுள்ளது.

இதே மோசடியின் மற்றொரு வடிவம் கடை இல்லாதவர்களையும் தேடி வருகிறது. 'கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது; வங்கிச் செயலியைப் புதுப்பியுங்கள்' என்ற செய்தியுடன் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு ஒன்று வருகிறது. வங்கியின் முத்திரையும் நிறமும் அதில் அப்படியே இருக்கும். இங்கும் கையொப்பமே நமக்குத் துணை. ஆண்ட்ராய்டு கைபேசியில், ஏற்கெனவே உள்ள செயலியை அதே சாவியால் கையொப்பமிட்ட கோப்பு மட்டுமே புதுப்பிக்க முடியும். திருடனிடம் வங்கியின் சாவி இல்லாததால், அவன் அனுப்பியது பழைய செயலியின் இடத்தில் அமர இயலாது. அதே பெயரில், அதே படத்துடன் இரண்டாவது செயலியாக மட்டுமே வந்து நிற்கும். நிறுவுமுன், 'அறியப்படாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?' என்று கைபேசி கேட்கும். பின்னர் அச்செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கோரும், தந்தால் ஓ.டி.பி. எண்கள் திருடனுக்குப் போகும். திரையில் ஒரே வங்கியின் செயலி இரண்டு முறை தென்பட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் காலம் கடத்தலாகாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரோ வங்கியோ தவறு செய்யாமல் மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஆனால் பின் எண்ணைத் தாமே பிறரிடம் வெளிப்படுத்தியது போன்ற கவனக்குறைவு இருப்பின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுதும் வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். 'அப்டேட்' செய்ய வந்தவரிடம் கைபேசியைத் தந்து ஏமாந்தவர் இவ்விரண்டாம் வகையில் சேர்க்கப்படக்கூடும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் பணம்தான். முதலில் வங்கியின் உதவி எண், உடனே 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண் என்ற வரிசையில் அழைக்க வேண்டும். வந்து சென்றவர் கடையின் கியூ.ஆர். ஒட்டியை மாற்றிவிட்டுச் சென்றிருக்கவும் கூடும். வீட்டிலுள்ள ஒருவரின் கைபேசியால் அதை ஸ்கேன் செய்து, திரையில் தோன்றும் பெயர் உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். பிறகு ஒரு ரூபாய் அனுப்பி, பெட்டி பேசுகிறதா என்று கேளுங்கள்.